டீச்சர் எடுக்காத சீட்டு

10, வெள்ளி

காலை ஏழுக்கே புழுக்கம். கடல் காற்று பத்து மணி வரை இல்லை. இன்றைய வேலைகள்: நோட்டீஸ் இரண்டாம் அச்சு (முதல் அச்சில் 'முகத்துவாரம்' இரண்டு இடத்தில் பிழை, என் கண்ணுக்கே தப்பியிருக்கிறது). ஆட்டோவுக்கு மைக் செட். எஸ்தருக்குக் கால் வீக்க மாத்திரை.

எஸ்தர் வேட்பாளராகிப் பதினொரு நாள். மனைவியின் பெயரைச் சுவரொட்டியில் படிப்பது இன்னும் பழகவில்லை. இந்தச் சின்னக் கட்சி வந்து கேட்டபோது மூன்று வாரம் யோசித்தாள். "நானும் ரெண்டு குப்பத்துக்கும் நடுவுல உக்காந்து உக்காந்து சமாதானம் பேசறேன். ஆத்து வாய் தூர்ந்துகிட்டே போகுது. மீன் வர வழியில்லாத எடத்துல சமாதானம் மட்டும் எங்கேர்ந்துங்க வரும்? சட்டசபையில ஒருத்தராவது கேக்கணும்." சரி என்று சொன்னவன் நான்.

சின்னம் கேரம் போர்டு. விம்கோ நகர் மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருத்தி: "இன்னா டீச்சர், ரெட்டு போட்டுட்ட, ஃபாலோ கீதா?" எ. (எஸ்தர்) உடனே, "நீங்க போடற ஓட்டுதாம்மா ஃபாலோ" என்றாள். கூட்டம் கை தட்டியது. எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

12, ஞாயிறு

பூசை முடிந்து நேராக வடகுப்பம். ஆரத்தி மூன்று தட்டு. சரவெடி. எ. காதைப் பொத்திக்கொண்டாள். மூன்று மணி நேரம் நடை, பேச்சு, வெயில். ஊர்த் தலைவர் கண்ணப்பன் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார். மருமகள் டீ கொண்டுவந்தாள். எ. வாங்கினாள். குடித்தாள்.

"அண்ணே, அப்படியே ஒரு போட்டோ!" என்றார் கட்சியின் மாவட்டச் செயலாளர் பாஸ்கர். நல்ல வெளிச்சம். எடுத்தேன். கட்சி குரூப்பில் போட்டேன். வாசகமும் என்னுடையதே: 'வடகுப்பத்தில் டீச்சருக்கு உற்சாக வரவேற்பு.'

மாலை நாலு மணிக்குத் தென்குப்பம். தெருவில் யாரும் இல்லை. காயும் வலை, ஒரு நாய். தலைவர் எத்திராஜ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. பாஸ்கர் மைக்கில் அரை மணி நேரம் காலித் தெருவுக்குப் பேசினார்.

13, திங்கள்

எத்திராஜ் போன். நேற்றைய போட்டோ அவர் கைக்கும் போயிருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சார், நீ பேப்பர்ல இருந்தவன். உன்னியே கேக்கறேன். இருவத்திரெண்டு வருசத்துல எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குட்ச்சிருக்காங்களா டீச்சர்? எம் பொண்ணு கல்யாணத்துல பாயசம் தொடல. சரி, அது முறைன்னு வுட்டோம். இப்ப அங்க மட்டும் டீ இனிக்குதா?"

ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் குடித்தது, பஞ்சாயத்துப் பேசப் போனபோது அல்ல என்றேன்.

"ஓட்டுக்கு ஒரு வாயி, பஞ்சாயத்துக்கு ஒரு வாயா நைனா?"



இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு குப்பத்துக்கும் நடந்த சண்டையில், எ.யின் வகுப்பில் படித்த பிள்ளை ஒன்று கல்லடி பட்டுச் செத்தது. நான் எட்டு வரிச் செய்தி எழுதினேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு நேராக நடுப்பாலத்துக்குப் போனாள். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பேசுகிறவள் அவள்தான். அந்தக் கரையில் நடுவர் எந்தக் குப்பத்திலும் வாய் நனைக்கக் கூடாது. வாட்டர் பாட்டிலை எடுத்துப் போவாள், பாலத்தில் நின்றுதான் குடிப்பாள். ஊரே அறிந்த முறை. முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்த எனக்கும் தெரியும். தெரிந்தும் போட்டோ எடுத்தேன்.

எ. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டாள். "தாகமா இருந்துச்சு. மறந்துட்டேன்" என்றாள். நீங்கள் ஞாபகப்படுத்தியிருக்கலாமே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

14, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை.

நாளை மீன்பிடித் தடைக்காலம் தொடக்கம். விசைப்படகுகள் துறைமுகத்தில் நின்றுவிடும், அதில் கூலிக்குப் போகிறவர்களும் ஆற்று வாய்க்குத்தான் வலை எடுத்து வருவார்கள். இரண்டு குப்பத்துக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் நாள் யாருக்கு என்பதற்கு வருடா வருடம் பாலத்தில் சீட்டு. எடுப்பது எ.யின் கை.

ஐந்து மணிக்குப் போனோம். பழைய சாக்பீஸ் டப்பாவில் இரண்டு சீட்டு. வடகுப்பத்தார் பன்னிரண்டு பேர். தென்குப்பத்திலிருந்து ஒரே ஒருவர், சைக்கிளில், செய்தி சொல்ல: "அந்தக் கை எடுத்த சீட்டு எங்களுக்கு வாணாமாம். தலீவரு சொல்ட்டாரு."

கண்ணப்பன்: "வரலன்னா வுடு. மொத நாளு எங்களுது. அவ்ளோதான்."

எ. கெஞ்சினாள். வேறு யாராவது எடுக்கட்டும், ஃபாதர் எடுக்கட்டும், போஸ்ட்மேன் எடுக்கட்டும், நாளைக்கு மட்டும் இரண்டு பேரும் இறங்காதீர்கள் என்றாள்.

"டீச்சர், நீ இப்ப எங்க ஆளு. கம்னு இரு. எங்க குப்பத்து ஓட்டு மொத்தமும் உனுக்குதான்."

பாஸ்கர் இதைக் கேட்டு மகிழ்ந்தார். எ. டப்பாவை மூடவே இல்லை. காற்றில் ஒரு சீட்டு ஆற்றில் விழுந்தது. எந்தக் குப்பம் என்று பார்க்கவில்லை.

15, புதன்

காலை ஐந்தே முக்காலுக்கு வடகுப்பத்துப் படகுகள் இறங்கின. ஆறு மணிக்குத் தென்குப்பத்துப் படகுகள். ஆறேகாலுக்குள் முடிந்துவிட்டது. கல், துடுப்பு, பாட்டில். காயம் ஒன்பது பேர். தென்குப்பம் சரவணனுக்குத் துடுப்பால் பின்மண்டையில் அடி. வயது இருபத்தாறு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நினைவு இல்லை.

எ.யிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன். "ஏழாம் வாய்ப்பாட்டுல ஏழெட்டு வந்தா நின்னுடுவான்" என்றாள். 

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலில் தென்குப்பத்துப் பையன்கள். கையை நீட்டி மறித்தார்கள். தள்ளவில்லை, திட்டவில்லை. "வாணாம் டீச்சர், போய்டு."

17, வெள்ளி

கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். எ. ஒன்பதரைக்கே போய்விட்டாள். இத்தனை வருடமும் அவளுக்குத்தான் முதல் நாற்காலி. இன்று ஒரு அதிகாரி வாசலுக்கு வந்தார், தன்மையாகத்தான் சொன்னார்: "மேடம், நீங்க வேட்பாளர். நடத்தை விதி அமல்ல இருக்கு. உங்கள உள்ள உக்கார வெச்சா எங்க மேல புகார் வரும்."

வராந்தா பெஞ்சு. பத்து மணியிலிருந்து மூன்றே கால் வரை. உள்ளே சத்தம் ஏறும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது. யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

முடிவு: அடுத்த உத்தரவு வரை இரண்டு குப்பமும் இறங்கக் கூடாது. ஆற்று வாயில் போலீஸ். எத்திராஜ் வெளியே வந்து அவளைப் பார்த்தார், செருப்பை மாட்டினார், போனார்.

பாஸ்கர்: "டீச்சர் வெளிய காத்துகினு இருந்தாங்கல்ல, அத ஒரு வீடியோ எடுத்திருந்தா சூப்பரா போயிருக்கும்ணே. எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை என்றேன். அவருக்கு வருத்தம்.

19, ஞாயிறு

எ. பூசைக்கு வரவில்லை. பிரச்சாரத்துக்கும் போகவில்லை, மூன்றாவது நாள். ஆட்டோ மட்டும் அவள் இல்லாமல் சுற்றுகிறது. பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்கே வந்தது. போன வாரம் ரெக்கார்டு செய்த அவள் குரல்: "உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கேட்கிறேன்." பாதியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

பாஸ்கருக்குப் போன் செய்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள்தாண்ணே, வாடகை குடுத்தாச்சு" என்றார்.

எரிவாயு சிலிண்டர் வந்தது. மதியம் ரசம் சாதம், நான் வைத்தேன். உப்பு அதிகம். அவள் இரண்டு வாயோடு எழுந்துவிட்டாள்.

21, செவ்வாய்

சரவணன் காலை நாலரைக்கு இறந்தான்.

நானே போய் எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். "ஏழெட்டு அம்பத்தாறு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மாலை ஐந்துக்குப் பிரச்சாரம் ஓய்ந்தது. தெரு திடீரென்று அமைதி.

22, புதன்

வெயில். நாளை வாக்குப்பதிவு. மூன்று மணிக்குத் தென்குப்பம். போகாதே என்றேன். "என் பிள்ளைங்க. போவேன்" என்றாள். வெள்ளைப் புடவை, கட்சிக் கரை இல்லாதது. கையில் மாலை. யாரும் மறிக்கவில்லை. பந்தலுக்குள் மேளம் நின்றது.

சரவணனின் அம்மா வள்ளியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எ. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வள்ளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அடையாளம் தெரியாதது போல. பிறகு இரண்டு கையையும் கூப்பினாள். வாசலுக்கு வரும் வேட்பாளருக்குக் கூப்புவதுபோல.

"ஓட்டு கேக்க வந்தியா டீச்சர்? போட்டுடறோம். நல்லா இரு."

அதில் கேலி இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியும். அந்த அம்மா உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

எ. மாலையைப் பிள்ளையின் காலடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.  சாவு மேளத்தைத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

ஷேர் ஆட்டோ எர்ணாவூரைத் தாண்டியது. அப்புறம்:

"ஏங்க, ஓட்டு மிஷின்லேர்ந்து என் பேர இனிமே எடுக்க முடியாதா?"

"முடியாது. வாபஸ் தேதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"வள்ளியம்மா நாளைக்கு வரமாட்டா. ஆனா அந்தத் தெரு வரும். பட்டன்கிட்ட நிக்கும்போது என் பேரப் பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க" என்றேன்.