முழங்காலில் இல்லாத தழும்பு

புதுச்சேரி, 1936

அம்மாவுக்கு,

இதை நீயே எழுத்துக்கூட்டிப் படி. வேறு யாரிடமும் கொடுக்காதே.

கல்லூரி உதவித்தொகைக்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள் என்று நேற்று பாகூர் கொம்யூன் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இன்னாம்மா, இந்தச் செங்கமலம் ரெண்டு வயசுலயே செத்துட்டாளே" என்றார். என் பெயர், பள்ளியில் நீ கொடுத்த அதே பிறந்த தேதி. வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் பிறந்ததை யாரும் பதியவே இல்லையாம்.

எனக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் முழங்காலில் இல்லாத ஒரு தழும்பை உன் விரல் தேடும்.

வியாழக்கிழமை கொம்யூன் தலைவர் மேர் முன்னால் வந்து, செங்கமலம் செத்துவிட்டாள், நான் வேறொருத்தி என்று நீ சொன்னால்தான் எனக்குச் சான்று தருவார்கள். சொல்லிவிடு அம்மா.

அப்புறம் என்னை என்னவென்று கூப்பிடுவாய்?

இப்படிக்கு,
இரண்டாவதாகப் பிறந்தவள்