கிருபா சொன்னதும் நான் சொன்னதும்

ஜூன் 2, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். கத்திரி முடிந்தது பேப்பரில் மட்டும். பள்ளி திறந்த நாள். அலுவலகத்தில் டி.சி., சாதிச் சான்றிதழ், அழும் குழந்தை, அழாத குழந்தை, அழும் அம்மா. தண்ணீர் குடிக்கவே மூன்று மணி.

மாலை மந்தைவெளியிலிருந்து நடந்தே சர்ச். ஆயர் கூப்பிட்டிருந்தார். கிருபாவதி விஷயம்.

கிருபாவுக்கு 52 வயது. பிறவியிலேயே காது கேட்காது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. சிறு வயதிலிருந்து சர்ச்சில் ஐந்தாம் வரிசையில் அவள் அம்மாவோடு. ஆனால் பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் ஆகவில்லை, அதனால் அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்து கிடையாது. எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்து மற்றவர்களின் கைப்பைகளைப் பார்த்துக்கொள்வாள். கேட்டால் அவள் அம்மா, "கேள்வி கேட்டா பதில் சொல்ல வராதே, பாவம்" என்பார். அந்த அம்மா ஜனவரியில் போய்விட்டார். போன மாதம் கிருபாவே ஆயரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறாள். இரண்டே வார்த்தை. "எனக்கும் வேண்டும்."

ஆயர்: "இல்லன்னு சொல்லலம்மா எஸ்தர். ஆனா பதினஞ்சாம் தேதி பேராயர் வர்றார். மத்த பிள்ளைங்கள்லாம் ஒரு வருஷம் வகுப்புக்கு வந்தவங்க. இவங்களுக்கு மட்டும் ஆயர் விட்டுக்கொடுத்தார்னு யாரும் சொல்லக் கூடாது. பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், திரித்துவம். அன்னிக்கு திரித்துவ ஞாயிறு வேற. அதைக் கட்டாயம் கேப்பேன். நீங்கதான் சொல்லிக்கொடுத்து, நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

சரி என்றேன். எனக்குத்தான் கை பேசும். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. வாய்ப் பேச்சுக்கு முன்னால் நான் கற்றது சைகை. அப்பா போய் ஆறு வருடம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என் கைகளுக்குச் சமையல் மட்டும்தான்.

திரித்துவம் எனக்குப் புரியுமா என்று ஆயர் கேட்கவில்லை. நல்லவேளை.

ஜூன் 4, புதன்

புழுக்கம். மேகம் வந்து ஏமாற்றியது.

சர்ச் பக்கத்து ஹாலில் கி.யும் நானும். பத்துக் கட்டளை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே எல்லாம் கைக்கு எளிது. பிறகு திரித்துவம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்பது.

பிதா: மீசை முறுக்குவது போல் செய்து மேலே காட்டினேன். குமாரன்: நடுவிரலால் உள்ளங்கையைத் தொட்டு, ஆணி. பரிசுத்த ஆவிக்கு அப்பாவின் பழைய சைகை, உள்ளங்கையில் ஊதுவது. கி.க்குப் பிடித்துவிட்டது. "காத்து. யாருக்கும் பாக்க முடியாது, தோல்ல தெரியும். இதுல நீயும் நானும் சமம்."

(கையில் நீ, நீங்கள் வித்தியாசம் கிடையாது. சென்னை பாஷையும் கிடையாது. ஆனாலும் அவள் கை அசைந்தால் என் மனசுக்குள் "இன்னா", "கீது" என்றுதான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

சொல்லிப் பார்த்த உதாரணங்கள்:
1. தண்ணீர், ஐஸ், ஆவி.
2. ஒரே ஆள் மகன், கணவன், அப்பா.
3. வெளிநாட்டு வீடியோ ஒன்றில் பார்த்த சைகை. மூன்று விரல் இன்னொரு கை முஷ்டிக்குள் போய் ஒரு விரலாக வெளியே வரும்.

கி. மூன்றையும் தள்ளிவிட்டாள்.

ஐஸுக்கு: "ஐஸ் ஆயிட்டா அது தண்ணி இல்ல. குமாரன் வந்தப்போ மேல பிதா இல்லையா? அப்போ சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முட்டி போட்டு யார்கிட்ட அழுதாரு?"

ஒரே ஆளுக்கு: "அது வேஷம்."

முஷ்டிக்கு: "உள்ள போன ரெண்டு விரல் எங்க?"

ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். ஐஸ் உதாரணத்தை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஒருத்தரும் தோட்டத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

கடைசியில் மனப்பாடமாவது செய்யட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே தேவன், மூன்று ஆள்தத்துவங்கள். "ஆள்தத்துவம்" என்பதை வாயாலும் விரல் எழுத்தாலும் மூன்று முறை. அவள் என் உதட்டைப் பார்த்து, "பெரிய வார்த்தை. வாய் கஷ்டப்படுது" என்று சிரித்தாள்.

அடையாறு டிப்போ வரை ஒரே பஸ்ஸில் வந்தோம். பின் சீட்டில் ஒரு பையன் போனில்: "வீடு அசோக் நகர் மச்சி, ஆபீஸ் பெருங்குடி, நான் வாழ்றது பஸ்ல." கி.க்கு மொழிபெயர்த்தேன். அவள் சிரித்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்தில் நான் இவ்வளவு பேசியதே இல்லை.

ஜூன் 7, சனி

கி. இன்று தானாகவே ஆரம்பித்தாள். நான் கேட்கவில்லை.

"கேக்கறவங்க முதுக காட்டிகினே பேசுவாங்க. சமையல்ரூம்லேர்ந்து பேசுவாங்க. எங்களால முடியாது. பேசணும்னா மூஞ்சிய பாத்துகினே இருக்கணும். கண்ண எடுத்தா பேச்சு கட். அவங்க மூணு பேரும் அப்டித்தான். எப்பவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினே கீறாங்க. உலகம் இல்லாதப்பவும். ஒருத்தரும் கண்ண எடுக்கல. எடுத்தா மூணு. எடுக்கல. ஒண்ணு."

ரொம்ப நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் இல்லாதபோதும் கடவுள் தனியாக இல்லை. நாற்பத்தொன்பது வயதில் இப்போதுதான் இது என் மண்டையில் ஏறுகிறது. ஏறியதும் சந்தோஷம் வரவில்லை. பொறாமை மாதிரி ஒன்று.

"நாளைக்கு ஆயர் கேட்கும்போது எழுதிக் கொடுத்ததைச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

எதிர் வீட்டு மாமி மாடிப்படியில்: "எஸ்தர், ரெண்டு நாளா ஆத்துல சத்தமே இல்லையே, ஊருக்குப் போய்ட்டேளா?" வீட்டில்தான் இருந்தேன் மாமி.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆயர் அறை. கமிட்டிப் பெரியவர் ஒருவரும் இருந்தார். நாங்கள் நுழையும்போதே அவர் ஆயரிடம், "இதெல்லாம் அவங்களுக்கு எப்படிங்க புரியும்?" கி.க்கு அதை நான் சொல்லவில்லை. முதல் தப்பு அது.

கட்டளைகள் சரி. ஜெபம் சரி. பிறகு ஆயர் என்னைப் பார்த்து, "தேவன் ஒருத்தரா, மூணு பேரா? கேளுங்க அவங்கள."

கி. முதலில் சொன்னது: "முழுசா தெரியாது." பிறகு நேற்றுச் சொன்னது அத்தனையும். நிதானமாக, கண்கள் பளபளக்க. எழுதிக் கொடுத்ததை அவள் தொடவே இல்லை.

எனக்குப் பயம். தெரியாது என்று ஆரம்பித்தால் அந்தப் பெரியவர் அங்கேயே முடித்துவிடுவார். வாய் தானாகத் திறந்தது. ஒரே தேவன், மூன்று ஆள்தத்துவங்கள், ஒரே தன்மை, சம மகிமை. வகுப்பில் சொல்வது போல.

ஆயர் முகம் மலர்ந்தது. "அருமை! அருமைம்மா!" பெரியவர் தலையாட்டினார். பேராயருக்குப் போகும் பட்டியலில் பெயர் ஏறியது.

பஸ் ஸ்டாப்பில் கி. கேட்டாள்: "இன்னா சொன்ன?"

"நீ சொன்னதைத்தான்."

"உன் வாய்ல அந்தப் பெரிய வார்த்தை வந்துச்சு. நான் அத சொல்லவேல்ல."

"அது... அதையும் சேர்த்து..."

கி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாலையைப் பார்த்தாள். காது கேட்கிறவர்களிடம் கோபம் வந்தால் கத்துவார்கள், நாமும் கத்தலாம். இவள் கண்ணை எடுத்துவிட்டால் நான் என்ன சொன்னாலும் காற்றில்தான். எதிரே போய் நின்றேன். மறுபடி திரும்பினாள். பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். நான் ஏறவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று இரண்டு வீடியோ அனுப்பினேன், கையால் மன்னிப்புக் கேட்டு. பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

வாங்க: துவரம்பருப்பு, குக்கர் கேஸ்கட், பல்பு.

யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் என்னிடம் எல்லாம் சொன்னார், கொஞ்ச நாள்தான் என்றும் சொன்னார். அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "ஒன்றுமில்லை, புண், மாத்திரையில் ஆறிவிடும்" என்றேன். நல்லதற்குத்தான். பத்து நாள் கழித்து வார்டு ஆயாவிடம் நோட்டைக் கொடுத்து எழுதிக் கேட்டிருக்கிறாள். ஆயா எழுதிவிட்டாள். அம்மா என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டாக்டர் வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்பாமல் ஆயாவிடம் நோட்டை நீட்டினாள். போகும் வரைக்கும்.

முப்பது வருடம் கழித்து அதே தப்பு. அதே கை.

மாலை கொஞ்சம் தூறல். துணி எடுக்க ஓடினேன். இரண்டு சேலை, ஒரு துண்டு.

ஜூன் 11, புதன்

ஆயரிடம் சொல்லிவிட்டேன். எல்லாம்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப ஞாயித்துக்கிழமை நான் சந்தோஷப்பட்டது உங்க பதிலுக்கா?"

"ஆமாங்கய்யா."

"ஏம்மா?"

"அவ தெரியாதுன்னு சொன்னா. நீங்க தள்ளிடுவீங்கன்னு பயந்தேன்."

பக்கத்து ஹாலில் பாடகர் குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆயர்: "தள்ளியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியல. மறுபடியும் கேக்கணும். சைகை தெரிஞ்ச வேற யாராவது இருக்காங்களா?"

வேறு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார். கேட்டது சரிதான். வலித்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க. அவங்க உங்களோட வர சம்மதிச்சா. இல்லன்னா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவேன்."

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைப் பிரிவு. உள்ளே நீராவி, பச்சைத் துணி மலை. செக்யூரிட்டி: "இன்னா வேணும்மா? அவங்களாண்ட பேச முடியாது, காது கேக்காது." எனக்கு முடியும் என்றேன்.

கி. பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. போய் மறுமுனையைப் பிடித்தேன். நீட்டி, உதறி, கிட்டே வந்து, முனை சேர்த்து, மறுபடி விலகி. இரண்டு கையிலும் துணி இருந்தால் பேச முடியாது. இருபது, இருபத்தைந்து ஷீட். கடைசி ஷீட்டை அடுக்கில் வைத்துவிட்டு அவளே கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள். பேசு என்று அர்த்தம்.

சொன்னேன். பெரியவர் சொன்னது, என் பயம், நான் சொன்ன பொய், பஸ் ஸ்டாப்பில் சொன்ன இரண்டாவது பொய், ஆயரிடம் போனது. அம்மாவின் நோட்டைப் பற்றியும். அதை ஏன் சொன்னேன் தெரியவில்லை.

கி. கை மெதுவாக அசைந்தது. "எங்கம்மா இத்தினி வருஷம் எனக்கு பதிலா பேசுனாங்க. பாசம்தான். கடைல, ஆஸ்பத்திரில, சர்ச்ல. நான் இன்னா நெனைக்கிறேன்னு ஒரு நாளும் கேக்கல. தெரியாமயே செத்துட்டாங்க. இப்ப நீ."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்துக் கொடுத்தாள், துடைத்துக்கொள்ள.

பிறகு: "நாளைக்கு வரேன். நான் தெரியாதுன்னு சொன்னா நீயும் தெரியாதுன்னு சொல்லணும்."

ஜூன் 13, வெள்ளி

மாலை 6. ஆயர் மட்டும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என்னை விட்டுவிட்டு, நேராக கி.யைப் பார்த்துக் கேட்டார். "தேவன் ஒருத்தரா, மூணு பேரா?"

அவள் கை எழுந்தது. என் குரல் அவள் கைக்குப் பின்னாலேயே போனது, ஒரு சொல் கூடாமல், குறையாமல்.

"முழுசா தெரியாது."

ஆயர் தலையசைத்தார், மேலே சொல்லுங்கள் என்பது போல.

கண்ணை எடுக்காதது பற்றிச் சொன்னாள். எடுத்தா மூணு, எடுக்கல, ஒண்ணு. புதிதாக ஒன்றும் சேர்த்தாள்: "ஞானஸ்நானம் படத்துல குமாரன் தண்ணில நிக்கிறாரு. மேலேர்ந்து குரல்னு எழுதியிருக்கு. குரல் எனக்குத் தெரியாது. ஆனா குமாரன் மூஞ்சி மேல பாக்குது. யாரோ பாக்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் மூஞ்சி அப்டி ஆகும். என்ன யாரும் அப்டி பாத்ததில்ல. அதான் எனக்கும் வேணும்னு எழுதிக் குடுத்தேன்."

கடைசி வாக்கியத்தையும் அப்படியே சொல்லி முடித்தேன்.

ஆயர் பேனாவை எடுத்தார், வைத்தார். "புஸ்தகத்துல இப்படி இல்ல. நாளைக்குப் பெரியவர் கேட்டா நான் என்ன சொல்றதுன்னும் தெரியல." பிறகு கி.யைப் பார்த்தே: "ஞாயித்துக்கிழமை வெள்ளைப் புடவை. எட்டு மணிக்கே வந்துருங்க."

ஜூன் 15, ஞாயிறு

வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நடுவில் கி. எல்லோரையும்விட உயரம். பேராயரின் கேள்விகளைப் பக்கத்தில் நின்று சைகையில் சொன்னேன். பிறகு பேராயர் இரண்டு கையையும் அவள் தலையில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பாதி ஜெபத்தில் கையை இறக்கிவிட்டேன். பார்க்க ஆள் இல்லை, எனக்கு அங்கே வேலையும் இல்லை.

அப்பமும் வாங்கினாள், ரசமும். வாயில் வைத்ததும் முகம் கோணியது, புளிப்பு போல.

வெளியே வெயிலில் போட்டோ. அவளுடைய அக்கா குடும்பம் வந்து அவளைக் கொட்டிவாக்கத்துக்கு அழைத்துப் போனது, சாப்பாடு அங்கே. ஆட்டோவிலிருந்து கையை ஆட்டினாள். எல்லோருக்கும் சேர்த்து ஆட்டினாளா, எனக்கா, தெரியவில்லை. பெரியவர் என்னிடம் வந்து, "நல்லா பண்ணீங்கம்மா" என்றார். எதை என்று கேட்கவில்லை.

வீடு. தயிர்சாதம், நாரத்தங்காய். மத்தியானம் நாலு வரை தூக்கம்.

ஜூன் 16, திங்கள்

காலை ஆறேகாலுக்கு கி.யிடமிருந்து வீடியோ. அசோக் நகரில் சனிக்கிழமைகளில் காது கேளாதவர்கள் இருபது பேர் கூடி ஜெபிக்கிறார்களாம், எல்லாம் கையாலேயே, நடத்துகிறவருக்கும் காது கேட்காது. அவள் இனி அங்கே போகப் போகிறாள். "நீயும் வா. மொழிபெயர்க்க ஆள் வேணாம் அங்க. சும்மா வந்து உக்காரு." பிறகு காமிராவுக்குக் கிட்டே வந்து: "உன்ன நான் கேக்கவேல்ல. நீ எப்டி கீற?"

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். "நல்லா இருக்கேன்" என்று கை சொன்னது. அழித்தேன். மறுபடி அதே. அழித்தேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், சர்ச்சில், வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதைச் சொன்ன கை. நான் எப்படி இருக்கிறேன் என்று அதற்குச் சொல்ல வரவில்லை.

நாலாவது தடவை: "தனியா இருக்கேன். ரொம்ப நாளா. சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

அனுப்பிவிட்டேன். எட்டே முக்கால். தலை வாரவில்லை இன்னும்.