நோட்டீஸ் போர்டில் உங்கப்பா பெயர்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
12.2.2023

அன்பு மகன் விக்கிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இருப்பது ஒரே ரூம், நான் பேசினால் உங்கப்பா காதில் விழும், அதனால்தான்.

புத்த மதத்தில் முறைப்படி சேரப் போவதாக உங்கப்பா கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியும். புதுச் சட்டப்படி முப்பது நாள் முன்னாலேயே சொல்ல வேண்டுமாம், பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டி யாருக்காவது ஆட்சேபமா என்று கேட்பார்களாம். இந்த மனுஷன் யாரைக் கும்பிட்டால் ஊருக்கென்ன, நீயே சொல். அவர் சும்மா இருக்காமல், நான் புதிதாக மாறவில்லை, என் தாத்தா கோலார் சுரங்கத்தில் இருந்தபோதே பௌத்தர், ஸ்கூலில் சேர்த்த வாத்தியார்தான் எங்கப்பாவை இந்து என்று எழுதிவிட்டார் என்று வாதாடியிருக்கிறார். கடைசியாக விட்ட மதத்துக்கே திரும்பிப் போனால்தான் இந்த நோட்டீஸ் வேண்டாம், தாத்தா கதையெல்லாம் சட்டத்தில் இல்லை என்று கிளார்க் சொல்லிவிட்டாராம். அன்றைக்கும் நம்மைக் கேட்காமல் எழுதினார்கள், இன்றைக்கு அதையே காட்டி நம்மைக் கேள்வி கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் நான் யோக்கியம் பேசக்கூடாது கண்ணு. நான் வேலை செய்யும் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு மௌரீன் மேடம், மதம் மாறினால் எஸ்.சி. சர்ட்டிபிகேட் போய்விடும், எங்கள் குடும்பத்திலே அப்படித்தான் போச்சு என்றார்கள். உன் தங்கை ரக்ஷிதா இந்த வருஷம் நர்சிங் சீட்டுக்கு அந்தச் சர்ட்டிபிகேட்டைத்தான் நம்பியிருக்கிறாள். உங்கப்பா பிடித்த பிடியை விடுகிற ஆளா? கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவரிடம் கன்னடத்தில் அடித்து வாங்கி, உங்கப்பாவுக்குத் தெரியாமல் ஆட்சேபம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆமாம், நான்தான். பத்து நாள் கழித்து விசாரித்தால், கிறிஸ்தவர்களுக்குத்தான் அப்படியாம், பௌத்தர்களுக்குச் சர்ட்டிபிகேட் போகாதாம். ஓடிப்போய் என் காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன். விசாரணைக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.

யாரோ ஆட்சேபம் கொடுத்திருப்பதாக ஆபீசில் கேள்விப்பட்ட உங்கப்பாவோ, அதை மூன்றாவது வீட்டு கணேசமூர்த்தி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வயசில் உனக்கு எதுக்குடா இதெல்லாம் என்று கணேசமூர்த்தி ஒருநாள் கிண்டல் செய்தாராம், அது போதாதா. முப்பது வருஷம் ஒன்றாக ஃபேக்டரிக்குப் போய் வந்தவர்கள், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் கணேசமூர்த்தி அண்ணன் வாசலில் நின்று, நான் என்னம்மா தப்பு பண்ணேன் என்று என்னிடம் கேட்டார். காப்பி கொடுத்தேன்.

28ஆம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆட்சேபத்தையும் காட்டுவார்களாம். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது, கையெழுத்தைத் தமிழில்தான் போட்டேன். உங்கப்பா பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். நானே முன்னால் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன், அவர் சாப்பிட உட்கார்ந்ததும் தைரியம் போய்விடுகிறது. அன்றைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை என்னிடம்தான் கொடுத்தார், இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

நீ நூறு வயசு நல்லா இரு கண்ணு. வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. 28ஆம் தேதி சாயங்காலம் மறக்காமல் ஃபோன் செய், முதலில் அப்பாவிடம் பேசு.

உன் அம்மா,
வள்ளியம்மா கோவிந்தன்