காலி நாற்காலிக்குக் கும்பிடு

செவ்வாய் ராத்திரி, ஷார்ஜா லேபர் கேம்ப்.

நான் துடைக்கும் தியேட்டரில் ரஷ்யாக்காரப் பெண்கள் இன்று பாலே ஆடிப் பழகினார்கள். முடித்ததும், மாடத்தில் காலியாக இருந்த பெரிய நாற்காலியைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"அவங்க ஊரு தியேட்டருக்கு ராஜாதான் சோறு போட்டாராம்டி. மொதக் கும்பிடு அவருக்கு. ராஜா போயும் கும்பிடு போகல" என்றார் சூப்பர்வைசர் மேரி அக்கா. "நீயும் மேனேஜருக்கு ஒண்ணு போடு. லீவு கிடைக்கும்."

போன வாரம் செத்த என் மகளின் காரியத்துக்குப் போகணுமே என்று, மேனேஜர் முன்னால் கைகூப்பிக் குனிந்தேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஷோ முடியட்டும். இப்ப லீவு மாஃபி, கிடையாது."

த்தூ. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தக் கும்பிடு கையை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்களாவது காலி நாற்காலிக்குத்தான் குனிந்தார்கள்.