அரிசி ஆலை இரும்பு

கோப்பாய்
12.02.1992

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகம். உங்கடை சுகத்தையும் அறிய ஆவல். இரண்டு வருசம் எழுதாதவள் இப்ப ஏன் எழுதிறாள் எண்டு யோசிப்பியள். “என்னோடை கொழும்புக்கு வா, இல்லாட்டி உன்ரை பாட்டைப் பார்” எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஏறினீங்கள். என்ரை பாட்டைத்தான் பார்க்கிறன். அதிலை ஒரு சந்தேகம்.

தெல்லிப்பழையிலை இருந்து இடம்பெயர்ந்த நாளிலை இருந்து அக்காவின்ரை தோட்டத்திலைதான் இருக்கிறன். ஆமிக்காரர் கொழும்பிலை இருந்து இரும்புச் சாமான் ஒண்டும் வரவிடுறாங்களில்லை. கொல்லன்ரை பெண்சாதி எண்டு அறிஞ்சு சனம் தேய்ஞ்ச மண்வெட்டியளைக் கொண்டுவந்து தருகுது. இரும்பை வைச்சு அடிக்கிற எங்கடை அடைகல் ஊர் வீட்டிலை கிடக்கு. அங்கை ஆமி நிற்குது, ஒருத்தரும் போகேலாது.

கைவிட்ட அரிசி ஆலையிலை பெட்டி மாதிரி ஒரு இரும்புக்கட்டி கிடந்தது. நாலு பேர் தூக்கி வண்டிலிலை ஏத்தினம். அதிலை வைச்சு அடிக்கலாமோ? எப்பிடிப் பார்த்து அறியிறது?

கொழும்புக்கு வாற செபநாயகம் மாஸ்டரிட்டை இதைக் குடுத்து விடுறன்.

பாலேஸ்வரி

---

வத்தளை
09.03.1992

அன்பின் பாலேசுக்கு,

இரண்டு வருசத்துக்குப் பிறகு கடிதம் வந்திருக்கு, பிரிச்சுப் பார்த்தால் இரும்புக்கட்டி. சந்தோசப்படுறதோ கோவிக்கிறதோ தெரியேல்லை.

உது பொம்பிளையள் செய்யிற வேலை இல்லை. தோள்மூட்டு போயிடும். இஞ்சை ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறன். ஜன்னல் கம்பி ஒட்டுற வேலை கிடக்கு. வெளிக்கிட்டு வா.

கேட்டதாலை சொல்லுறன். சுத்தியலாலை தட்டிப் பார். மணி மாதிரிக் கேட்டால் உருக்கு. தொம் எண்டால் வார்ப்பிரும்பு, வெடிச்சுப்போகும். சைக்கிள் சில்லுக்குள்ளை இருக்கிற போல்ஸ் குண்டு ஒண்டை ஒரு முழ உயரத்திலை இருந்து கட்டிக்கு மேலை விழவிடு. அரை முழத்துக்கு மேலை துள்ளினால் நல்ல கட்டி. துள்ளாட்டி எறிஞ்சுபோட்டு வா.

பஞ்சலிங்கம்

---

கோப்பாய்
20.05.1992

அன்பின் அத்தானுக்கு,

துள்ளினது. முக்கால் முழம்.

கட்டியைப் பூவரசங் குத்தியிலை படுக்க வைச்சு அடிச்சன். கந்தப்பு அண்ணையின்ரை மண்வெட்டிதான் முதல் வேலை. மடிச்ச இடத்திலை வெடிச்சுப் போச்சு. அந்தாள் வெடிச்சதைச் சாக்கிலை சுத்தி எடுத்துக்கொண்டு போனது. ஏசியிருந்தால் பரவாயில்லை.

அறை எடுத்ததுக்கு நன்றி. நான் வரேல்லை. கோவம் இல்லை. ஊர் ஏழெட்டு மைலிலை கிடக்கு, ஆமி அதைத் திறந்துவிடுற அண்டைக்கு நான் இஞ்சை நிற்க வேணும். இன்னொண்டு. பதினொரு வருசம் உங்களுக்குத் துருத்தி ஊதினன். இரும்பு அளவுக்கு மிஞ்சி, கூடக் காயுது எண்டு சொன்ன நேரமெல்லாம் “நீ ஊது, கதையாதை” எண்டியள். என்ரை கண் சரியோ பிழையோ எண்டு எனக்கே தெரிய வேணும்.

பாலேஸ்வரி

---

வத்தளை
02.08.1992

அன்பின் பாலேசுக்கு,

கட்டியைப் படுக்க வைக்காதை. நெடுக்காய் நிமித்தி, பாதிக்கு மண்ணுக்குள்ளை தாட்டு வை. அப்பதான் முழுப் பாரமும் அடிக்குக் கீழை நிற்கும். கட்டியின்ரை விளிம்பு கூராய் இருக்கிறதாலைதான் மண்வெட்டி வெடிச்சது. கல்லிலை தேய்ச்சு உருட்டி விடு. மண்வெட்டி வாய்க்கு லொறியின்ரை உடைஞ்ச வில்லுத்தகடு தேடு. காய்ச்சின தகட்டைத் தண்ணியிலை தோய்க்காதை, எண்ணெயிலை தோய்.

அளவெட்டிக் கோயில் தேருக்கு அடிச்ச அச்சாணி முறிஞ்சது ஞாபகமோ? நீ துருத்தியைப் பிழையாய் ஊதினாய் எண்டு சனத்துக்கு முன்னாலை சொன்னன். கூடக் காய்ச்சினது நான்தான். நீ அண்டைக்கும் சொன்னனி. இதை எழுத மூண்டு நாள் போச்சு.

பஞ்சலிங்கம்

---

கோப்பாய்
15.01.1993

அன்பின் அத்தானுக்கு,

உங்கடை கடிதத்தை வாசிச்சுப்போட்டு அண்டைக்கு வேலை செய்யேல்லை. அடுத்தநாள் கட்டியை நிமித்தித் தாட்டன்.

லொறி அச்சிலை ஒரு துண்டைக் காய்ச்சி, குழி கிண்டுற அலவாங்கின்ரை உடைஞ்ச முனையாலை துளைச்சு, புளியங் கொப்பிலை பிடி போட்டன். அதுதான் இப்ப என்ரை சம்மட்டி. கந்தப்பு அண்ணைக்குப் புது மண்வெட்டி அடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தன்.

“உது நீ அடிச்சதோ பிள்ளை?”

“ஓம்.”

வெங்காயப் பாத்தியிலை நாலு கொத்துக் கொத்திப் பார்த்தார். பிறகு நிமிராமலே முழுப் பாத்தியையும் கொத்தி முடிச்சார்.

வாறதெண்டால் வாங்கோ. ஆனால் நான் திரும்பத் துருத்திக்குப் போகமாட்டன். ஒருநாள் நீங்கள் அடியுங்கோ, ஒருநாள் நான். சம்மதம் எண்டால் மட்டும் வெளிக்கிடுங்கோ.

பாலேஸ்வரி

---

கிளிநொச்சி
28.04.1993

அன்பின் பாலேசுக்கு,

யாழ்ப்பாணம் வாற படகுக்கு இன்னும் இரண்டு நாள் நிற்க வேணுமாம். எனக்கு முந்திப் போறவரிட்டை இதைக் குடுத்து விடுறன்.

என்ரை அப்பர் விட்டிட்டுப் போன குறடு, இரண்டு சுத்தியல், அரங்கள் எல்லாம் சீலைக்குள்ளை சுத்திக் கொண்டு வந்தனான். சோதனைச் சாவடியிலை, இரும்பு உள்ளை போகேலாது எண்டு எடுத்துப் போட்டாங்கள். கெஞ்சியும் பார்த்தன். பிறகு ரோட்டுக்கரையிலை கனநேரம் இருந்தன். வேலை ஆயுதம் இல்லாத கொல்லன் ஆருக்கு உதவுவான், திரும்பிப் போவம் எண்டும் நினைச்சன்.

நீ இதுக்கும் குறைய வைச்சுக்கொண்டு தொடங்கினனி. வெறுங்கையோடை வாறன். உன்ரை சம்மட்டியைத் தந்தால் அடிக்கிறன். தராத நாளிலை ஊதுறன்.

இரும்பு கூடக் காஞ்சால் சத்தமாய்ச் சொல்லு.

பஞ்சலிங்கம்