சும்மா வந்த அப்டேட்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே சொல்வேசி ஊரில் எனக்குச் செம்மண் தூசியும் இருமலும்தான், கவலைப்பட ஒன்றுமில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. பதிவறையில் இருக்கும் திருமதி காயோம்போ, டேட்டா தீர்ந்துவிடும் என்று கணினியின் உண்மையான அப்டேட்டை அணைத்தே வைத்திருந்தார். ஏதோ இணையப் பக்கத்தில், ‘உடனே அப்டேட் செய்யுங்கள், இலவசம்’ என்று சிவப்புப் பெட்டி குதித்ததும் அழுத்திவிட்டார். நான் ஓடிப்போய் இணைய வயரைப் பிடுங்கினேன்.

"உன் அப்டேட் என் டேட்டாவை நிஷிமாக் களி மாதிரி உருட்டி முழுங்குது தம்பி. இது சும்மா தரேன்னுச்சு!"

"திருடனும் சும்மாதான் வர்றான் தாயே! கதவைத் திறப்பீங்களா?"

"கத்தாதே. நோயாளிங்க மாத்திரை வாங்க வர்ற தேதியெல்லாம் போயிடுச்சா?"

போகவில்லை. நான் தினமும் தனியே நகல் எடுத்து வைப்பேன். கணினியைத்தான் மொத்தமாக அழித்துத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது.

நீங்களும் அதே ரகம்தான் அம்மா. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்கள் முழுவதும் அந்த மடிக்கணினியில் இருக்கின்றன, நகலும் கிடையாது. இணையப் பக்கத்தில் குதிக்கும் எந்தப் பெட்டியையும் தொடாதீர்கள், பக்கத்தையே மூடுங்கள். அப்டேட்டைக் கணினியின் செட்டிங்ஸில் போய் மட்டும் செய்யுங்கள். அப்டேட்டை அணைக்கவே கூடாது. டேட்டா நான் போட்டுவிடுகிறேன்.

நம் ஊர் சோமாவிலிருந்து வரும் பஸ்ஸில் வறுத்த வேர்க்கடலை கொடுத்து அனுப்புங்கள். இங்கே விற்பதில் ருசியே இல்லை.

சந்தேகம் வந்தால் மிஸ்டு கால் கொடுங்கள், உடனே கூப்பிடுகிறேன். சந்தேகம் வராவிட்டாலும் கொடுக்கலாம்.

யாரோ பிரிண்டர் ஓடவில்லை என்று கத்துகிறார்கள். போகிறேன்.

உங்கள் மகன்,
மைன்சா