அந்தப் பாட்டிலைத் திரும்ப வாங்கி வந்தவள்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பால் சுகம். நீயும் உடம்பால் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், மனசு சுகத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பாதான் எடுத்து அம்மா குளிக்கிறாள், அம்மா குளிக்கிறாள் என்று சொன்னார். பாவம், அவருக்கு வேறு பொய் தெரியாது. மூன்று வாரமாக ஒரு மனுஷி குளித்துக்கொண்டேவா இருப்பாள் என்று உனக்கும் தோன்றியிருக்கும். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கரைந்துபோய் "சரி விடு, சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தானே நடக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், காகிதம் அழாது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் புது ரூட் கொடுத்துவிட்டார்கள், மேடும் பள்ளமுமான தெருக்கள், கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டரிடம் போகச் சொன்னால், "என் பொண்ணு டாக்டராகி வரட்டும், அவகிட்டயே காட்டிக்கறேன்" என்கிறார். நீ வருவதற்குள் காலே கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கிறது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு டீச்சருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், எது எது என்று அவளுக்கே தெரியாமல் ஒன்றின் காலில் நகப்பூச்சு போட்டு வைத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஸ்கூலில் படிக்கும்போது அப்பா நம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஈமெயில் தொடங்கினாரே, பாஸ்வேர்டைக்கூட பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாரே, அந்த ஈமெயிலை அவர் இன்னும் தினமும் டீ குடித்துக்கொண்டே திறந்து பார்க்கிறார் என்பது உனக்கு மறந்துவிட்டது. முதல் தடவை மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டபோது நீ அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தாய். இப்போது மூன்றாம் தடவை போட்டிருக்கிறாய், அவர்கள் பழைய பதிவில் இருந்த முகவரிக்கே முழு அப்ளிகேஷனையும் ஒரு பிரதி அனுப்பிவிட்டார்கள். அதாவது எங்களுக்கு. உலகத்தில் வேறு எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு கூத்து நடக்காது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ஓடிப்போய் பதினான்கு பக்கமும் பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டு, சாப்பிட்டு முடித்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

முதலில் வேலை விவரம் வந்தது. கண் டாக்டரம்மா கிளினிக்கில் இரண்டு வருடம், அதற்கப்புறம் நாலு மாதமாக ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கும் அறையில் வேலை என்று இருந்தது. அப்பா நிறுத்தி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாலு மாதம், குட்டிம்மா. நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் டாக்டரம்மா எப்படி இருக்காங்க என்று நான் கேட்பேன், நீயும் கொஞ்சமும் தயங்காமல் "நல்லா இருக்காங்கம்மா, உங்கள ரொம்ப விசாரிச்சாங்க" என்பாய். ஒரு தடவை அவருக்குச் சளி என்றுகூடச் சொன்னாய், நான் கஷாயம் வைக்கச் சொல்லி விவரம் கொடுத்தேன். யாருக்கடி அந்தக் கஷாயம்? இரண்டு தடவையும் உனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்த மனுஷி, நிலையான வேலை, அதை ஏன் விட்டாய் என்று நாங்கள் கத்துவோம் என்று பயந்திருப்பாய். கத்தியிருப்போம்தான். இரண்டு நாள் கத்திவிட்டு மூன்றாம் நாள் அப்பா பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் என் மகள் உயிரைக் காப்பாற்றும் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். படபடப்பில் கத்துகிறவர்களிடம் நிதானமாக மூச்சு இருக்கா, பேச்சு இருக்கா என்று கேட்கும் வேலை நல்ல வேலை, நீ வேலை மாறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முழுப் பூசணிக்காயை எங்கள் சோற்றில் மறைத்தாய் பார், அதுதான் வலித்தது. சரி, சின்னப் பிள்ளை, இரண்டு தடவை தோற்ற பயம் என்று அதைக்கூட அந்த நாற்காலியிலேயே விழுங்கிவிட்டேன். அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

ஏன் டாக்டராக விரும்புகிறாய் என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். அப்பா இன்னும் சத்தமாக வாசித்தார். "என் தாய் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர் ஒரு கைக்குழந்தைக்குத் தவறான மருந்தைக் கொடுத்தனுப்பினார்." அப்பாவின் குரல் பாதியில் தேய்ந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கவுண்டரில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நீ காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தாயாம், லேபிளைப் படித்தாயாம், "அம்மா இது தப்பு" என்று கத்தினாயாம், நாம் இருவரும் கைகோத்துக்கொண்டு ஓடினோமாம், நீதான் முதலில் படியேறினாயாம். ஒரு குழந்தையின் உயிர் ஒரு லேபிளில் இருக்கிறது என்று அன்றே உனக்குப் புரிந்ததாம். வாசித்து முடித்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இது நெஜமா?" என்று கேட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் நான் சொல்லாத ஒரே விஷயம் அது. அதை அவர் வாயாலேயே எனக்குப் படித்துக் காட்டும்படி செய்துவிட்டாய்.

முதல் தடவை உனக்கு இடம் கிடைக்காமல் நீ மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாயே, அப்போதுதான் இதை உனக்குச் சொன்னேன். உன் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவும் விழுந்தவள்தான், விழுந்தும் மறுநாள் கடைக்குப் போனவள்தான் என்று நீ எழுந்திருக்க வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கவில்லை, பெற்ற மகளிடம் யாராவது சத்தியம் வாங்குவார்களா? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். ரகசியத்தை வெளியே சொன்னதுகூட இரண்டாம் பட்சம். அன்றைக்கு நீ கடையிலேயே இல்லை. உனக்கு அன்று ஸ்கூலில் ஓட்டப்பந்தயம், மூன்றாவதாக வந்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாய், நான்தான் உன் முகத்தைத் துடைத்துவிட்டேன். நடந்தது என்ன என்று உனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும், இருந்தாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன், கேள். காய்ச்சலுக்குக் கைக்குழந்தைச் சொட்டு மருந்து ஒரு பாட்டில், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதே மருந்து சிரப்பாக இன்னொரு பாட்டில், இரண்டுக்கும் ஒரே நீலப் பெட்டி. சிரப்பைவிடச் சொட்டு மருந்து நாலு மடங்கு கெட்டி. டாக்டர் சீட்டில் சிரப், ஒரு ஸ்பூன் என்று இருந்தது. நான் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, அதன்மேல் என் கையாலேயே ஒரு ஸ்பூன் என்று எழுதியும் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அலமாரியில் அடுக்கும்போது சொட்டு மருந்து வரிசையில் ஒன்று குறைந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன், ஒரு செருப்பு எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியாது. மூன்றாம் மாடி வீட்டில் குழந்தையின் அம்மா மருந்தை ஸ்பூனில் ஊற்றிவிட்டாள், குழந்தை வாயைத் திறக்காமல் தட்டிவிட்டுச் சட்டையெல்லாம் மருந்து. அந்தப் பிடிவாதக்காரப் பிள்ளைதான் என்னைக் காப்பாற்றியது, நீயில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் நீ எழுதவில்லை. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லவில்லை. பாட்டில் சீல் சரியில்லை, மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்கலங்கி, "இதுக்காகவா இப்படி ஓடி வந்தீங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அன்றிலிருந்து பதினாறு வருடமாக அந்தத் தெரு முழுக்க என் புகழ் பாடினாள், அவளைக் கேட்டு வந்தவர்கள்தான் கடைக்குப் பாதிப் பேர். முதலாளி என்னைத் தலைமைக் கவுண்டரில் உட்கார வைத்ததே அந்தப் பேரை வைத்துத்தான். நானும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டேன். ஆகவே கதையை மாற்றிச் சொல்லி நல்ல பேர் வாங்குவது உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. அப்பா அதைச் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொண்டேன், அப்ளிகேஷனை வாசித்த அன்றைக்கு நான் அழுதது அதற்குத்தான். நீ செய்தது துரோகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கை மட்டும்தான் உன்னுடையது, பழக்கம் என்னுடையது.

எங்கோ ஒரு ஆபீஸில் முகம் தெரியாதவர்கள் மேஜையில் என் தப்பு கிடக்கிறது, இங்கே அது யாரைப் பாதித்திருக்குமோ அவளுக்குத் தெரியாது, இது என்ன நியாயம் என்று ஒரு வாரம் மனசு அரித்தது. போன செவ்வாய்க்கிழமை லஞ்சு நேரத்தில் மூன்றாம் மாடிக்குப் போனேன். அந்தப் பிள்ளை இப்போது மீசை அரும்பி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அப்ப நீங்க அன்னிக்கு எம்பிள்ளைக்காக மட்டும் ஓடி வரல, உங்களுக்காகவும்தான் ஓடி வந்திருக்கீங்க" என்றாள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அதற்கப்புறம் அவள் கடைப்பக்கம் வரவில்லை, எதிர்ச்சாரிக் கடையில் வாங்குகிறாள். மறுநாள் முதலாளியிடமும் சொன்னேன். "ஏம்மா, பதினாறு வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க, இப்ப யாரு கேட்டா?" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நீங்களாகக் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொன்னேன் என்றேன். சாயந்தரமே கவுண்டர் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது நான் பின்னால் ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் இல்லை, யாரும் வந்து அக்கா இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்பதில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. அப்பா மட்டும் முதல் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

அந்தப் பதினான்காம் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில், திருத்தங்கள் அடுத்த மாதம் எட்டாம் தேதி வரை ஏற்றுக்கொள்ளப்படும் என்று இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகும் பத்து நாள் பாக்கி இருக்கும், கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அப்ளிகேஷனை வாபஸ் வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். என் கதையை எடுத்துவிடு என்றும் சொல்லமாட்டேன், இனிமேல் அது ரகசியமில்லை, உனக்குப் பயன்படுமானால் வைத்துக்கொள், சீல் சரியில்லை என்று நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே எழுது. ஆனால் அந்தப் படிக்கட்டிலிருந்து நீ இறங்கிவிடு. நீ ஏறாத படி அது. அப்படித் திருத்தினால் இந்தத் தடவையும் இடம் கிடைக்காமல் போகலாம், எனக்குத் தெரியாமலில்லை, உன்னைவிட அதிகமாக எனக்கு அது பயமாக இருக்கிறது. நாலாம் தடவை போடு, அதுவரை ஆம்புலன்ஸ் அறையில் போன் எடு. திருத்தாமல் விட்டு இடம் கிடைத்தாலும் நீ என் மகள்தான், கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் உன் கையால் எழுதிக் கொடுக்கும் மருந்தை நான் வாங்கிச் சாப்பிடமாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஷிப்ட் முடிந்து வந்ததும் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு, கண் டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் வந்திருந்தால் போய்ச் சொல்லிவிட்டு வா. நல்ல டாக்டராக வருவாய், என் ஆசீர்வாதம் முழுசாக உண்டு. உன் கையாலும் ஒரு நாள் தப்பு நடக்கும், நடக்காத டாக்டர் கிடையாது. அன்றைக்கே, அந்தப் பிள்ளையின் அம்மா முகத்தைப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிடு. எனக்கு அதற்குப் பதினாறு வருடம் பிடித்தது. நேர்காணலுக்குக் கூப்பிட்டு அந்த நாளில் நீ என்ன செய்தாய் என்று கேட்டால், நிமிர்ந்து உட்கார்ந்து சொல்: "நான் அங்க இல்ல. எங்கம்மா தனியாத்தான் ஓடினாங்க."

எட்டாம் தேதிக்காகக் காத்திருக்கும்,
ஸ்டோர் ரூமிலிருந்து,
உன் அம்மா